கேத்தி ஸ்டேஷன் காட்சியில் பெரிய நடிப்பு யாருடையது?

கேத்திக்காரன் (கேள்வி):

எங்கள் வீட்டில் ஒரு வாரமாக இதே பேச்சுதான். தமிழில் இதுவரை வந்ததிலேயே பெரிய நடிப்பு எது, பெரிய படம் எது? அப்பா சிவாஜியைத் தவிர வேறு பெயரைக் காதிலேயே வாங்க மாட்டார். தம்பிக்கு நாயகன்தான். டைம் பத்திரிகை 2005ல் போட்ட 100 படங்களின் பட்டியலில் அது இருக்கிறது என்பதைச் சாப்பிடும்போதுகூடச் சொல்லிக்கொண்டே இருக்கிறான். நான் சொல்வது மூன்றாம் பிறை. நீலகிரியில் நம் கேத்தி ஸ்டேஷனில் கடைசிக் காட்சி எடுத்த படம் என்பதால் சொல்கிறேன் என்று இரண்டு பேரும் ஒதுக்கிவிடுகிறார்கள், அதுதான் வருத்தமாக இருக்கிறது.

1982ல் வந்த அந்தப் படத்துக்குக் கமலுக்கும் பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவுக்கும் தேசிய விருது கிடைத்தது. ரெண்டுமே நியாயம். ஆனால் அந்தக் கடைசிக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கப் பார்க்க என் கண் கமலிடம் நிற்பதில்லை, பழைய நினைவு திரும்பி, தன்னைப் பார்த்துக்கொண்டவனையே மறந்து ரயில் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிற ஸ்ரீதேவியிடம் போய்விடுகிறது. வெளியே சீனு (கமல்) சேற்றில் விழுந்து, நொண்டிக்கொண்டு, குரங்கு மாதிரி ஆடிக் காட்டுகிறான். அவள் முகத்தில் 'இவனை எங்கேயோ பார்த்திருக்கிறோமே' என்று ஒரு நொடி ஏதாவது ஓடியிருந்தால் நமக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். ஓடவே இல்லை. யாரோ பைத்தியம், பாவம் என்கிற இரக்கம் மட்டும்தான் இருக்கிறது. அதுவரை படம் முழுக்கக் குழந்தையாக நம்மைக் கட்டிப்போட்டவர் அத்தனையையும் சுத்தமாகத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். படம் வந்தபோது அவருக்கு வயது 18.

கேட்க வந்தது இதுதான்: நீங்கள் எதை வைத்து ஒரு நடிப்பைப் பெரியது என்கிறீர்கள்? ஒரு ஆள் படத்தையே தோளில் தூக்கிக்கொண்டு போவதா, இல்லை இப்படி எதுவும் செய்யாமல் இருக்கத் தெரிவதா?

அருவங்காடு பழையவர்:

தம்பி, உங்கள் அப்பா பக்கம் நான் வருகிறேன்.

சிவாஜி அதிகமாக நடிப்பார் என்று சின்னப் பிள்ளைகள் சொல்லும்போது எனக்கு ஆறாது. சிறு வயதிலேயே நாடகக் கம்பெனிக்குப் போனவர் அவர். கொட்டகையில் கடைசி வரிசையில் இருக்கிறவனுக்கும் வசனம் கேட்க வேண்டும், முகம் தெரிய வேண்டும் என்று பழகிய உடம்பு. பராசக்தியில் 1952ல் அப்படித்தான் வந்தார், ஜனங்களும் அதைத்தான் கேட்டார்கள். அதே ஆள் 1985ல் முதல் மரியாதையில் எவ்வளவு அடக்கம் என்று பாருங்கள். தேவர் மகனில் சாப்பாட்டு நேரத்து அமைதியில்கூட அவர்தான் தெரிவார்.

எனக்கு எல்லாவற்றுக்கும் மேலே தில்லானா மோகனாம்பாள். நாதஸ்வரம் வாசித்தது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள், அது எல்லோருக்கும் தெரியும். எங்கள் சித்தப்பா நாதஸ்வரக்காரர். சமவெளியிலிருந்து திருவிழாவுக்கு மலைக்கு வருவார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, கன்னம் உப்புவதையும் மூச்சு எடுக்கிற இடத்தையும் வைத்துப் பார்த்தால் இவர் வாசிக்காதவர் என்று சொல்லவே முடியாது என்றார். ஒரு தொழில்காரன் வாயால் வந்த சான்றிதழ் அது, எனக்கு அது போதும்.

விருதை வைத்து மட்டும் அளக்காதீர்கள். எம்.ஜி.ஆருக்கு ரிக்‌ஷாக்காரனுக்குக் கிடைத்தது. கமலுக்கு மூன்றாம் பிறை, நாயகன், இந்தியன் என்று மூன்று. சிவாஜிக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது ஒரு தடவைகூட வரவில்லை. 1960ல் கெய்ரோ பட விழாவில் கட்டபொம்மனுக்காக அவரைக் கூப்பிட்டுச் சிறந்த நடிகர் விருது கொடுத்தார்கள்.

கோத்தகிரி அக்கா:

ஐயா, சிவாஜியை நானும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பேச்சு எங்கே நடந்தாலும் ஆம்பளை பெயராகவே அடுக்குகிறார்கள். கேத்தித் தம்பி ஒருவர்தான் ஸ்ரீதேவியைச் சொன்னார், அதற்காகவே எழுத வந்தேன்.

நவராத்திரியை எடுத்துக்கொள்ளுங்கள், 1964. சிவாஜிக்கு ஒன்பது வேடம், ஒன்பது ரசம், ஊரே அதைத்தான் எண்ணும். அந்த ஒன்பது பேருக்கும் எதிரே ஒரே பெண்ணாக நின்றது சாவித்திரி. சிவாஜிக்கு ஒவ்வொரு தடவையும் ஒப்பனை மாறுகிறது, உடை மாறுகிறது, குரலை மாற்றிக்கொள்ள இடம் இருக்கிறது. சாவித்திரி அதே நளினாவாக இருந்துகொண்டே ஒருவரிடம் பயந்து, ஒருவரிடம் பரிதாபப்பட்டு, மனநல மருத்துவமனையில் பைத்தியம் மாதிரி நடித்து, தெருக்கூத்துக்காரரோடு கூத்தும் ஆடி எல்லாவற்றையும் காட்ட வேண்டும். அதுவும் பைத்தியமாக நடிக்கிற இடம், அவள் நடிக்கிறாள் என்று நமக்குத் தெரிய வேண்டும், போலீஸுக்குத் தெரியக் கூடாது. இதைவிடக் கஷ்டமான வேலை இருக்கிறதா சொல்லுங்கள்.

மூன்றாம் பிறை வந்த வருஷம் ஸ்ரீதேவிக்கும் தேசிய விருது வரவில்லை, அர்த் படத்துக்காக ஷபானா ஆஸ்மிக்குப் போனது. அவரும் தகுதியானவர்தான். ஸ்ரீதேவிக்குக் கடைசியில் வேறு படத்துக்காக 2018ல் கிடைத்தது, அவர் இறந்த பிறகு. அதை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

கொடைக்காரன்:

நான் பழனி மலைப் பக்கம். எங்களுக்குக் குணா.

1991 தீபாவளிக்குத் தளபதியும் குணாவும் ஒரே நாளில் வந்தன. கூட்டம் தளபதிக்குத்தான். எங்கள் அண்ணன் வத்தலக்குண்டு இறங்கிப் போய் குணா பார்த்துவிட்டு வந்து ரெண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. படத்தின் ஆரம்பத்தில் ஒரு அறைக்குள் கமல் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே பேசுவார், கேமராவும் கூடவே சுற்றும். அதைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது, அந்த மனுஷனின் தலைக்குள்ளே போய்விட்டு வந்த மாதிரி. அப்போது ஓடாத படம், ஆனால் அதை எடுத்த, டெவில்ஸ் கிச்சன் என்று இருந்த இடத்தை இன்றைக்குக் குணா குகை என்றுதான் உலகமே சொல்கிறது. 2024ல் அந்தக் குகையை வைத்து மலையாளத்தில் மஞ்ஞும்மல் பாய்ஸ் வந்த பிறகு அங்கே வருகிற கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே! மலையாளத்துப் பையன்கள் வேலிக்கு வெளியே நின்று குணாவின் 'கண்மணி அன்போடு' பாட்டைப் பாடுகிறார்கள். எந்தப் படம் நிற்கும் என்று முதல் வாரத்துக் கூட்டத்தை வைத்துச் சொல்ல முடியாது, எனக்குத் தெரிந்த அளவுகோல் அதுதான்.

அப்புறம் இன்னொன்று. பாதிப் படங்களுக்கு நம் மலை டூயட் பாடத்தான். ஹீரோயினுக்கு ஸ்வெட்டர்கூடக் கிடையாது, பாட்டு முடிந்தால் சென்னைக்குப் போய்விடுவார்கள். மூன்றாம் பிறையில் ஆட்கள் இங்கே குடியிருக்கிறார்கள். குளிருகிறது, பள்ளிக்கூட வேலைக்குப் போகிறார்கள், சுப்பிரமணி என்று நாய்க்குட்டி வளர்க்கிறார்கள். அந்த வகையில் கேத்தித் தம்பி சொன்னதற்கு என் ஓட்டு உண்டு.

கேத்திக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. பழையவர் ஐயா, நாதஸ்வர விஷயத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். உங்கள் சித்தப்பா எந்த ஊர்த் திருவிழாவுக்கு வருவார் என்று கேட்கிறார், பார்த்திருக்கலாமாம்.

அக்கா, சாவித்திரியைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. நான் ஸ்ரீதேவியிடம் பார்த்ததும் அதுதான், எதிரே இருக்கிற ஆளின் நடிப்பு நிற்பதே இவர்கள் கொடுக்கிற முகத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நவராத்திரி போடுகிறோம். சிவாஜி படம் என்பதால் அப்பா உடனே சரி என்றுவிட்டார். சாவித்திரியை மட்டும் பாருங்கள் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

கோத்தகிரி அக்கா:

சொல்லாதீர்கள் தம்பி. அவராகவே பார்க்கட்டும். ஆஸ்பத்திரிக் காட்சி வந்ததும் அவர் என்ன சொன்னார் என்று இங்கே எழுதுங்கள்.