பழைய எச்எம்டி வாட்சை வீட்டிலேயே சுத்தம் செய்யலாமா?

வணக்கம். காசிமேட்டில் இருக்கிறோம். தாத்தாவின் எச்எம்டி, சாவி கொடுக்கிற வாட்ச், இப்போது என்னிடம். நன்றாகவே ஓடுகிறது. ஆனால் ஸ்டீல் செயினின் கண்ணிகளுக்கு நடுவே வியர்வையும் அழுக்கும் கறுப்பாக இறுகிக் கிடக்கிறது. குண்டூசியால் நெம்பினால் பசை மாதிரி வருகிறது. செயினைத் தனியாகக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துவிடுவேன். கேஸ், அதாவது வாட்சின் வெளிக்கூடுதான் குழப்பம். பின்மூடியில் ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்று பொறித்திருக்கிறது. அப்படியென்றால் மூடி மட்டும்தான் ஸ்டீலா, மற்றது பித்தளைமேல் குரோம் பூச்சா? பூச்சு என்றால் எதைக்கொண்டு துடைப்பது? கண்ணாடி அக்ரிலிக் பிளாஸ்டிக், அதனால் தின்னர் பக்கமே போகமாட்டேன். டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் போகும் என்கிறார் மாமா; செய்து பார்த்தவர்கள் உண்டா? அப்புறம், ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் சாவி வாட்ச் தெரிந்த மெக்கானிக் இருந்தால் சொல்லுங்கள். பேட்டரி மட்டும் மாற்றுகிற கடைகள் வேண்டாம்.