தடுப்பூசிக்குத் தயங்கிய மருத்துவமனைப் பணியாளர்கள்: நாங்கள் கண்டதும் கேட்டதும்

தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர்

கொரோனா தடுப்பூசி வந்த புதிதில் எங்கள் மருத்துவமனைப் பணியாளர்களின் பட்டியல் என் கையில்தான் இருந்தது. யாருக்கு எந்தத் தேதி, யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று குறிப்பது என் வேலை. 2020 டிசம்பர் 8 அன்று பிரிட்டனில் பொதுமக்களுக்கு ஊசி போட ஆரம்பித்தபோது, ஐசியூ வாசலில் நின்று செல்போனில் அந்தப் படங்களைப் பார்த்து நாங்கள் கண்கலங்கினோம். ஆனால் எங்கள் முறை வந்தபோது பட்டியலில் நிறைய பெயர்களுக்கு எதிரே கட்டம் காலியாகவே இருந்தது.

காலையில் ஒரு நோயாளியின் மகனிடம், "அப்பாவுக்கு வயசாகுது, கண்டிப்பா ஊசி போட்டுடுங்க" என்று சொன்ன அதே சிஸ்டர், மதியம் என் கையில் பட்டியலைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிப் போய்விடுவார். மறுப்புப் படிவத்தில் 'காரணம்' என்ற இடத்தில் பெரும்பாலோர் எழுதியது 'அலர்ஜி'. பிரிட்டனில் முதல் நாளே ஊசி போட்டுக்கொண்ட மருத்துவப் பணியாளர் இருவருக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தது உண்மைதான். இருவருக்கும் ஏற்கெனவே அப்படி ஒவ்வாமை இருந்திருக்கிறது, இருவரும் குணமானார்கள். ஊசிக்குப் பிறகு 15 நிமிடம் உட்கார வைப்பது இந்த ஆபத்துக்காகத்தான். ஆனால் எங்கள் ஆட்களில் பலருக்கு எதற்கு அலர்ஜி என்று கேட்டால் பதில் வராது. அந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டால் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

பட்டியலை மூடி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் பேச்சு வந்தது. வார்டு உதவியாளர் ஒருவர், நோயாளிகளைத் தூக்கித் திருப்பிப் போடுபவர், என்னிடம் கேட்டார்: "போன வருஷம் மாஸ்க் கேட்டப்ப முதல்ல டாக்டருக்கு, அப்புறம் நர்சுக்கு, மிஞ்சினா உங்களுக்குன்னு சொன்னாங்க. ஒரே மாஸ்க்கைக் காயவெச்சு காயவெச்சு போட்டேன். இப்ப ஊசிக்கு மட்டும் நான் முதல்ல வரணுமா சிஸ்டர்? ஏன்?"

எல்லாவற்றிலும் கடைசியாக நிறுத்தப்பட்டவரை ஒரு விஷயத்துக்கு மட்டும் முதலில் வா என்று கூப்பிட்டால் அவருக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? ஊசி எத்தனை சதவீதம் பலன் தரும் என்ற கணக்கு என் நுனிநாக்கில் இருந்தது. அது அவருடைய கேள்விக்குப் பதில் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல், கொரோனாவுக்கு முன்பே, தடுப்பூசித் தயக்கத்தை உலகின் பத்துப் பெரிய சுகாதார ஆபத்துகளில் ஒன்றாகச் சேர்த்தது. அலட்சியம், ஊசி எளிதில் கிடைக்காமை, நம்பிக்கையின்மை என்று அதற்குக் காரணங்களும் சொன்னது. நம்பிக்கையின்மை என்றால் ஊசிமேல் நம்பிக்கை இல்லை என்றே நாம் எடுத்துக்கொள்கிறோம். எங்கள் இடத்தில் பலருக்கு ஊசியைக் கொடுத்த நிர்வாகத்தின்மேல்தான் நம்பிக்கை இல்லாமல் இருந்தது.

உங்கள் இடத்தில் என்ன நடந்தது? யாருடைய பெயரும் வேண்டாம். தயங்கியவர்கள் நீங்களே என்றாலும் எழுதுங்கள்.

ஐசியூ செவிலியர்

சிஸ்டர், உங்கள் பட்டியலில் இருந்திருந்தால் நானும் ஒரு காலிக் கட்டம்தான்.

குழந்தைக்காகக் காத்திருந்த நேரம் அது. எங்கள் செவிலியர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. ஊசியால் உடம்பில் உருவாகும் எதிர்ப்புப் பொருள், நஞ்சுக்கொடி உருவாகத் தேவையான சின்சிட்டின் என்ற புரதத்தையும் தாக்கும், அதனால் கரு தங்காது என்று. யாரோ போகிற போக்கில் சொல்லியிருந்தால் தள்ளியிருப்பேன். இதில் புரதத்தின் பெயர் இருந்தது, அனுப்பியவர் என்னோடு ஒரே ஷிப்டில் நிற்பவர். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

மகப்பேறு டாக்டரம்மா ஒருவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. காகிதத்தில் இரண்டு சங்கிலிகளை வரைந்து, கிருமியின் மேல் முள்போல நிற்கும் புரதமான முள்புரதமும் அந்தச் சின்சிட்டினும் எவ்வளவு சின்னத் துண்டில்தான் ஒத்துப்போகின்றன என்று காட்டினார். அப்புறம் சொன்னார்: "சரி, நீ சொல்றபடியே வெச்சுக்குவோம். கொரோனா வந்தவங்க உடம்புலயும் அதே முள்புரதத்துக்கு எதிர்ப்புப் பொருள் வருமே? வந்து போன பொம்பளைங்களுக்கெல்லாம் கரு தங்காமப் போயிருக்கணுமே?"

அதோடு நிறுத்தியிருந்தால்கூட எனக்குப் பாதிதான் தெளிந்திருக்கும். அவர் கூடவே இன்னொன்றும் சொன்னார். பெரிய சோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவே இல்லை. 43,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட ஃபைசர் சோதனையில் இடையில் கருத்தரித்ததாக நவம்பர் வரை பதிவானவர்கள் 23 பேர். 12 பேர் ஊசி போட்டவர்கள், 11 பேர் வெற்று மருந்து பெற்றவர்கள். "இன்னைக்கு என் கையில இருக்கிறது இவ்வளவுதான். இதை வெச்சு நான் உனக்கு சத்தியம் பண்ண முடியாது. ஆனா நீ வேலை செய்யற இடம் ஐசியூ. கர்ப்பத்தோட இந்த நோய் வந்தா என்ன ஆகுதுன்னு நீயே பார்த்திருக்கே." பார்த்திருந்தேன். வயிற்றில் பிள்ளையோடு வென்டிலேட்டரில் கிடந்த ஒரு பெண்ணுக்கு நான்தான் மணிக்கொரு முறை குழாயில் சளி உறிஞ்சியவள்.

போட்டுக்கொண்டேன். 2021 ஏப்ரலில் அமெரிக்காவிலிருந்து முதல் பெரிய தரவு வந்தது. 35,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகள், கவலைப்படும்படியான அறிகுறி எதுவும் தென்படவில்லை. அவர்களில் தனியாகப் பதிவு செய்து பின்தொடரப்பட்ட பெண்களில் மிகப் பெரும்பாலோர் மருத்துவத் துறையில் வேலை செய்தவர்கள். வரிசையில் முதலில் நின்றது நாம்தானே. என்னைப் போன்ற பெண்கள், என்னைப் போலவே பயந்திருப்பார்கள், ஆனாலும் போட்டுக்கொண்டு எதிர்காலத்துக்குப் பதில் விட்டுச் சென்றிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் கடன்பட்டவள்.

துப்புரவுப் பணியாளர், ஒப்பந்த முறை

எனக்கு ஊசிமேல் பயமே இல்லை. ஊசி போட்டால் மறுநாள் காய்ச்சல் வரும், உடம்பு வலிக்கும் என்று டாக்டரே சொன்னார். எங்களுக்கு வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது. காய்ச்சலோடு வந்தாலும் வாசலில் தெர்மாமீட்டரை நெற்றியில் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதுக்கும் சம்பளம் இல்லை. இதை மேற்பார்வையாளரிடம் சொன்னேன். அவர் தாளில் 'ஊசிக்குப் பயம்' என்று எழுதிக்கொண்டு போனார்.

பிறகு ஒரு டாக்டரம்மா நிர்வாகத்திடம் பேசி, ஊசி போட்ட மறுநாள் வர முடியாவிட்டால் சம்பளம் பிடிக்கமாட்டோம் என்று எழுதி வாங்கி, நாங்கள் உடை மாற்றும் அறையில் ஒட்டினார். அடுத்த தடவை எங்கள் ஆட்கள் எல்லோரும் வரிசையில் நின்றோம். எங்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை.

மருந்தாளுநர்

எங்களிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, "ஒரே வருஷத்துல எப்படி?" என்பதுதான். நான் சொன்ன பதிலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபைசர் போன்ற ஊசிகளில் இருப்பது எம்ஆர்என்ஏ, அதாவது ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்று உடம்புக்குச் சொல்லும் குறிப்பு. அதை உடம்பு விரட்டாதபடி மாற்றும் வழியை கரிக்கோ, வைஸ்மன் என்ற இரு விஞ்ஞானிகள் வெளியிட்டது 2005-இல்; அதற்காக 2023-இல் நோபல் பரிசும் கிடைத்தது. கிருமியின் மரபணு வரிசை 2020 ஜனவரியிலேயே வெளியாகிவிட்டது. சோதனைக் கட்டங்களை அடுத்தடுத்துச் செய்யாமல் ஒன்றின்மேல் ஒன்றாக நடத்தினார்கள், முடிவு தெரியும் முன்பே பணத்தைப் போட்டு உற்பத்தியும் தொடங்கினார்கள். நோய் காட்டுத்தீயாகப் பரவியதால் சோதனை முடிவும் சீக்கிரம் வந்தது. இதைச் சொன்னதும் பலர் ஏற்றுக்கொண்டார்கள். ஏற்காதவர்களுக்கு வேறு கேள்வி இருந்தது என்று இப்போது இதையெல்லாம் படிக்கும்போது புரிகிறது.

ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்

உங்கள் எல்லோரையும் விட வயதில் மூத்தவன். இந்தத் தயக்கம் கொரோனாவோடு பிறந்தது இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ரத்த மாதிரியை பிப்பெட் என்ற அளவுக் குழாயில் வாயால் உறிஞ்சுவார்கள். கையுறை எப்போதாவதுதான். ஆய்வகத்தில் யாருக்காவது கண் மஞ்சளானால் 'தொழிலோடு வருவது' என்று விட்டுவிடுவார்கள். ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி உள்ள நோயாளிக்குப் போட்ட ஊசி நம் கையில் குத்தினால், அந்த நோயாளியின் ரத்தத்தில் கிருமி மிகுந்திருந்தால், நூற்றுக்கு 30 பேர் வரைகூடத் தொற்றலாம். எச்ஐவி என்றால் ஆயிரத்துக்கு மூன்று பேர். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இவ்வளவு ஆபத்து இருந்தும் 1981-இல் அமெரிக்காவில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தபோது மருத்துவப் பணியாளர்களே பின்வாங்கினார்கள். முதலில் வந்த அந்த ஊசி, கிருமி உள்ளவர்களின் ரத்தப் பிளாஸ்மாவிலிருந்து எடுக்கப்பட்டது. எய்ட்ஸ் என்ற நோய் அதே வருடம்தான் வெளியே தெரிய வந்தது, அதன் காரணம் யாருக்கும் தெரியாது. ரத்தத்திலிருந்து வரும் ஊசியில் அதுவும் சேர்ந்து வந்தால்? நியாயமான பயம்தான். தயாரிப்பில் மூன்று கட்டமாக எல்லாக் கிருமிகளையும் அழிக்கும் வேதிமுறை இருந்தது, அந்த ஊசியால் எய்ட்ஸ் பரவவில்லை என்று பிற்பாடு உறுதியானது. 1986-இல் ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் புது ஊசியும் வந்துவிட்டது. அப்புறமும் நிறைய பேர் போடவில்லை. 1991-இல் அங்கே, ரத்தத்தோடு புழங்கும் ஊழியர்களுக்கு முதலாளி தன் செலவில் ஊசி போட முன்வர வேண்டும் என்று விதி வந்தது.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் கடைசிவரை போடவில்லை. அவருக்கு ஈரல் கெட்டுத்தான் போனது. துப்புரவுப் பணி செய்யும் அம்மா எழுதியதைப் படித்தபோது அவர் நினைவு வந்தது. எங்கள் காலத்தில் ஊசிக்கான பணத்தை நாங்களே கொடுக்க வேண்டும். அவர் "பயமா இருக்கு" என்றார். இன்னொரு காரணத்தை வாய்விட்டுச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும்.

மயக்கவியல் மருத்துவர்

நான் தயங்கியது வதந்தியால் அல்ல, மருத்துவ இதழைப் படித்து. 2021 மார்ச்சில் ஐரோப்பாவில் பல நாடுகள் அஸ்ட்ராசெனகா ஊசியை நிறுத்தி வைத்தன. ஏப்ரலில் நார்வேயிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. ஊசி போட்ட ஏழு முதல் பத்து நாளில் ரத்த உறைவும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் குறைவும் ஒன்றாக வந்த ஐந்து பேர். ஐவரும் மருத்துவப் பணியாளர்கள், 32 முதல் 54 வயது. மூன்று பேர் பிழைக்கவில்லை. எனக்கு அதே வயது, அதே வேலை, எனக்கு ஒதுக்கப்பட்டதும் அதே ஊசி.

துறைத் தலைவரிடம் சொன்னேன். "ரொம்ப அபூர்வம், மனசைக் குழப்பிக்காதே" என்றார். அபூர்வம் என்று எனக்கும் தெரியும். ரத்தவியல் டாக்டர் ஒருவர்தான் என் பேச்சைக் கேட்டார். எப்போது சந்தேகப்பட வேண்டும், முதலில் தட்டணுக்களை எண்ண வேண்டும், தட்டணுவில் உள்ள பிஎஃப்4 என்ற புரதத்துக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும், உறைவைத் தடுக்க வழக்கமாகக் கொடுக்கும் ஹெப்பாரின் மருந்தைக் கொடுக்கக் கூடாது, எதிர்ப்புப் பொருள்களின் தொகுப்பான இம்யூனோகுளோபுலின் கொடுக்க வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதி அவசரப் பிரிவில் ஒட்டினார். அந்தத் தாள் சுவருக்கு வந்த பிறகு நான் போட்டுக்கொண்டேன். எங்கள் வார்டில் அந்த வாரம் கட்டில் காலி இல்லை. போடாமல் இருப்பதன் ஆபத்தும் என் கண்முன்னால் இருந்தது.

பிசியோதெரபிஸ்ட்

எல்லோரும் கடைசியில் போட்டுக்கொண்ட கதையாக எழுதுகிறீர்கள். நான் மாற்றி எழுதுகிறேன்.

எனக்கு 2020-இலேயே கொரோனா வந்து போனது. எனக்கிருந்தது ஒரே கேள்வி: வந்து போனவனுக்கு ஊசியால் எவ்வளவு கூடுதல் பாதுகாப்பு? கூட்டத்தில் எழுந்து கேட்டேன். "தடுப்பூசிக்கு எதிரானவர்" என்று பெயர் வந்ததுதான் மிச்சம். பிறகு ஒரு கடிதம்: இந்தத் தேதிக்குள் போடாவிட்டால் சம்பளமில்லாப் பணியிடைநீக்கம். போட்டேன். கட்டாயப்படுத்தினால் எண்ணிக்கை கூடும், மறுக்கவில்லை. பிரான்சில் 2021 செப்டம்பர் 15-க்குள் என்று சட்டம் போட்டார்கள், மறுநாளே சுமார் 3,000 பேர் இடைநீக்கம். அவர்களை 2023 மே மாதத்தில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். இங்கிலாந்தில் அறிவித்துவிட்டு, ஆள் பற்றாக்குறை வரும் என்ற அச்சத்துக்கு நடுவே 2022 ஜனவரி கடைசியில் பின்வாங்கினார்கள்.

அடுத்து பூஸ்டர் வந்தபோது கட்டாயம் இல்லை. நான் போகவில்லை. நோயாளிகள் என்னிடம் கேட்டால் "உங்க டாக்டரைக் கேளுங்க" என்று மட்டும் சொல்கிறேன். முன்பெல்லாம் உட்கார்ந்து விளக்குவேன்.

தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர்

பிசியோ சார், உங்கள் கேள்விக்குப் பதில் இருந்தது. வந்து போனவர்களுக்கும் பாதுகாப்பு உண்டு, அதன்மேல் ஊசியும் சேர்ந்தால் இன்னும் வலுவாகிறது என்று ஆய்வுகள் காட்டின. கூட்டத்தில் நீங்கள் எழுந்து நின்றபோதே இதை யாராவது சொல்லியிருக்க வேண்டும். பணியாளர்களுக்கு ஊசியே வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். புற்றுநோய் வார்டில் ஒரு ஊழியர் கொண்டுவரும் கிருமி என்ன செய்யும் என்று தெரியும். ஆனால் நோயாளியிடம் விளக்கிச் சொல்லும் ஒருவரை இப்படி வாயடைக்க வைத்தது பெரிய இழப்பு. பூஸ்டரை விட அதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது.

மயக்கவியல் டாக்டர் எழுதியதையும் துப்புரவுப் பணி செய்யும் அம்மா எழுதியதையும் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒருவருக்கு மருத்துவ இதழ், இன்னொருவருக்குச் சம்பளச் சீட்டு. ஆனால் இருவரும் கேட்டது ஒன்றுதான்: எனக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வீர்கள்? இருவருக்கும் பதில் ஒரு தாளில் வந்தது. எங்கள் மாஸ்க் கேட்ட உதவியாளருக்கு அப்படி ஒரு தாள் வரவில்லை. அவர் மூன்றாவது சுற்றில்தான் போட்டுக்கொண்டார், அதுவும் அவருடைய தங்கைக்கு நோய் வந்து தேறிய பிறகு.

இப்போது ஃப்ளூ ஊசிக்காக ஒவ்வொரு வருடமும் பட்டியல் போடுகிறோம். படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, 'யாரிடம் பேச விரும்புகிறீர்கள்?' என்று வைத்திருக்கிறேன். நிறைய பேர் டாக்டர் பெயரை எழுதுவதில்லை, கூட வேலை செய்யும் ஒருவரின் பெயரை எழுதுகிறார்கள். அவரிடம் நான் முதலில் போய்ப் பேசுகிறேன். நைட் ஷிப்ட் ஆட்கள் தூங்கி எழுந்து வரவேண்டாம் என்று, அவர்கள் கிளம்பும் முன்பே குளிர்ப்பெட்டியோடு வார்டுக்குப் போகிறோம்.

ஒப்பந்தப் பணியாளர்களுக்கு மறுநாள் சம்பளம் பிடிக்கக் கூடாது என்பதை மட்டும் இன்னும் வருடா வருடம் புதிதாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. ஒப்பந்தத்திலேயே அதை எழுத வைத்தவர்கள் இங்கே இருந்தால், எந்த வாசகத்தில் எழுதினீர்கள், யார் கையெழுத்து வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள். அடுத்த ஒப்பந்தம் புதுப்பிக்கும் முன் எனக்கு அது வேண்டும்.