9 லட்சத்துக்குள் குடும்பத்துக்கு ஒரு செடான்: பழைய சிட்டியா, சியாஸா, கடன் போட்டுப் புதுசா?

வைகைக்கரை கேட்டது:

வணக்கம். ஊர் மதுரை. வீட்டில் ஐந்து பேர், அதில் அம்மாவுக்கு முழங்கால் வலி. மாதம் சுமார் 900 கி.மீ. ஓடும், பாதி ஊருக்குள், மீதி திருச்சி, சென்னை நெடுஞ்சாலையில். எல்லாம் சேர்த்து 9 லட்சம் இருக்கிறது. எஸ்யூவி வேண்டாம். டிக்கி பெரிதாக வேண்டும், பெட்ரோல் மேனுவல் போதும். இப்போதைக்குக் கண்ணில் பட்டவை:

ஹோண்டா சிட்டி வி, 2019, 68,000 கி.மீ., இரண்டாவது ஓனர், 7.4 லட்சம்.
மாருதி சியாஸ் ஜீட்டா 1.5, 2019, 44,000 கி.மீ., முதல் ஓனர், 7.6 லட்சம்.
ஹூண்டாய் வெர்னா 1.6, 2018, 51,000 கி.மீ., பெங்களூரு பதிவு, 6.5 லட்சம்.

மூன்றும் வேண்டாம், கடன் போட்டு 12 லட்சத்தில் புதுசே எடு என்று வீட்டில் ஒரு கட்சி. ஜிஎஸ்டி குறைந்துவிட்டதே என்பது அவர்கள் வாதம். என்ன செய்யலாம்?

கணக்குப்பிள்ளை:

ஜிஎஸ்டி குறைந்தது உண்மைதான். 4 மீட்டருக்கு மேல் நீளம், 1500 சிசிக்குள் இன்ஜின் என்ற இந்த வகைக்கு செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 45% இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 40%. ஆனால் தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுள்கால சாலை வரியை ஏற்றினார்களே, அது அப்படியேதான் இருக்கிறது. 5 முதல் 10 லட்சம் வரை 13%. 10-ஐத் தாண்டி 20 வரை 18%. 12 லட்சம் எக்ஸ்-ஷோரூம் (சாலை வரி, பதிவு சேராத விலை) என்றால் வரி மட்டும் 2,16,000. இன்சூரன்ஸ், பதிவு, ஃபாஸ்டேக் எல்லாம் சேர்த்து ரோட்டில் இறங்கும்போது 14.7 லட்சத்தை ஒட்டி வரும். நாளை நீங்கள் விற்கும்போது அந்த 2.16 லட்சத்தை யாரும் தனியாக எண்ணித் தரப் போவதில்லை.

9 லட்சம் போக 6 லட்சம் கடன், 9% வட்டி, 5 ஆண்டு: மாதம் சுமார் 12,450 ரூபாய், வட்டி மட்டும் 1.47 லட்சம். இன்சூரன்ஸ் கம்பெனிகளின் ஐடிவி (காப்பீட்டு மதிப்பு) அட்டவணைப்படி முதல் ஆண்டு முடிவில் 15%, நாலாவது ஆண்டு முடிந்து ஐந்தாவதில் 50% கழிவு. சந்தை விலை அந்த அளவுக்கு விழாது என்றாலும் விழும் திசை அதுதான். ஆண்டுக்கு 11,000 கி.மீ. கூட ஓடாத குடும்பத்துக்கு இந்தச் செலவு தேவையில்லை. ஐந்தாறு வயதுள்ள பெட்ரோல் வண்டியில் பெரிய இறக்கத்தை முதல் ஓனர் ஏற்றுக்கொண்டிருப்பார், வரியும் அவரே கட்டியிருப்பார்.

அந்த ஆயுள்கால வரியால்தான் பெங்களூரு வெர்னா மலிவாகத் தெரிகிறது. அங்கே ஆர்டிஓவில் படிவம் 28 கொடுத்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும், இங்கே படிவம் 27-ல் புது எண் வாங்க வேண்டும், வண்டியின் வயதுக்கு ஏற்பத் தமிழ்நாட்டு ஆயுள்கால வரியை மறுபடி கட்ட வேண்டும். கர்நாடகத்தில் கட்டிய வரியின் மீதியைத் திரும்ப வாங்கலாம் என்பார்கள். வாங்கலாம், அங்கே போய் அலைய ஆள் இருந்தால். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம், தள்ளிப்போட வழியில்லை. விலை வித்தியாசம் முழுக்க அதிலேயே கரைந்துவிடும். வெர்னாவைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள்.

டாப்பெட் சத்தம்:

டீசல் கேட்காததே நல்லது. மிச்சம் இரண்டு வண்டிக்கு வருவோம்.

சிட்டி: நீங்கள் பார்ப்பது 2014-ல் வந்த நாலாம் தலைமுறை, 2017-ல் முகம் மாற்றியது. 1.5 ஐ-விடெக், 119 பிஎஸ், டைமிங் செயின் உள்ள இன்ஜின். பெல்ட் மாற்றும் செலவு கிடையாது. இன்ஜினில் பெரிய வில்லங்கம் எதுவும் இல்லை, ஆனால் வால்வு கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் உள்ள இடைவெளி) தானாகச் சரிசெய்துகொள்ளாது, ஸ்க்ரூ வைத்து செட் செய்ய வேண்டியது. 68,000-க்குள் யாராவது அதைத் தொட்டார்களா என்று சர்வீஸ் பில்லில் பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக்டிக் என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தால் தொடவில்லை என்று அர்த்தம். பயப்பட வேண்டியதில்லை, விலையில் குறைக்கச் சொல்லலாம்.

சிட்டியில் செலவு வைப்பது முன்பக்க சஸ்பென்ஷன். லோயர் ஆர்ம் புஷ், ஸ்டெபிலைசர் லிங்க், ஸ்ட்ரட் மவுண்ட். சின்னச் சின்ன ஸ்பீடு பிரேக்கரில் 15 கி.மீ. வேகத்தில் ஒரு சக்கரத்தை மட்டும் ஏற்றி இறக்குங்கள். கட்டக் என்றால் லிங்க் அல்லது புஷ். வண்டியை நிறுத்திவைத்து ஸ்டீரிங்கை இடம் வலம் சின்னதாக ஆட்டும்போது தட்டல் கேட்டால் ஸ்டீரிங் ரேக் (சக்கரத்தைத் திருப்பும் பாகம்) பக்கம் சந்தேகப்பட வேண்டும், அது விலை அதிகம். ஏசி கண்டென்சரில் கல்லடி, லீக்கையும் பம்பர் இடுக்கு வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். 2018 வாக்கில் தயாரான ஹோண்டா வண்டிகளுக்கு ஃபியூவல் பம்ப் ரீகால் (குறைபாட்டைச் சரிசெய்யக் கம்பெனியே திரும்ப அழைப்பது) வந்தது. சேசிஸ் எண்ணை ஹோண்டா தளத்தில் போட்டால் உங்கள் வண்டி அதில் உண்டா, மாற்றியாயிற்றா என்று தெரியும். மாற்றாவிட்டால் இலவசம்.

சியாஸ்: 2018 ஆகஸ்டுக்குப் பிறகு வந்த 1.5 கே15பி, 105 பிஎஸ். ஓட்ட சிட்டி மாதிரி துள்ளாது, ஐந்து பேர் ஏறி ஏசி போட்டால் மூன்றாவது கியருக்கு இறக்கித்தான் ஓவர்டேக் செய்ய வேண்டும். ஆனால் வீல்பேஸ் 2650 மி.மீ., சிட்டிக்கு 2600. பின்சீட்டில் கால் நீட்டும் இடம் இந்த விலையில் இதை மிஞ்ச ஆளில்லை. டிக்கி இரண்டிலும் 510 லிட்டர்.

சியாஸில் பார்க்க வேண்டியது ஹைப்ரிட் சமாச்சாரம்தான். பானட்டுக்குள் இருக்கும் வழக்கமான பேட்டரி தவிர முன்சீட்டுக்கு அடியில் சின்னதாக ஒரு லித்தியம் பேட்டரி உண்டு. ஆல்டர்னேட்டர் இடத்தில் இருப்பது மோட்டார்-ஜெனரேட்டர். 2018 மே முதல் 2020 அக்டோபர் வரை தயாரான பெட்ரோல் சியாஸ், எர்டிகா, பிரெஸ்ஸா போன்றவற்றை இந்த யூனிட்டுக்காக மாருதி 2021-ல் திரும்ப அழைத்தது. உங்கள் 2019 வண்டி அந்தக் காலத்துக்குள் வருகிறது, மாற்றிய பதிவு இருக்கிறதா என்று எந்த மாருதி சர்வீஸிலும் கேட்கலாம். வண்டி நன்றாகச் சூடான பிறகு சிக்னலில் நியூட்ரலில் போட்டு கிளட்சை விட்டால் இன்ஜின் தானாக அணைய வேண்டும். பத்து நிமிடம் ஓட்டியும் ஒரு முறைகூட அணையவில்லை என்றால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது இன்ஜினைத் தானாக அணைக்கும் வசதியின் பட்டனை அணைத்தே வைத்திருப்பார்கள். முதலில் பட்டனைப் பாருங்கள்.

சியாஸ் விற்பனை 2025-ல் நின்றுவிட்டது. பார்ட்ஸ் கிடைக்காதோ என்ற கவலை வேண்டாம், இன்ஜின் 2022 வரை எர்டிகாவில் வந்ததே. கண்ணாடி, விளக்கு, பாடி பார்ட்ஸுக்குத்தான் பிற்காலத்தில் காத்திருக்க நேரலாம். மறுவிற்பனை விலை இனி கொஞ்சம் இறங்கும். வாங்குகிறவர் இப்போது அதையே பேரம் பேசப் பயன்படுத்தலாம்.

வைகைக்கரை:

நன்றி சார். சியாஸ் பக்கம் மனது சாய்கிறது. பார்க்கப் போகும் அன்று என்னென்ன செய்ய வேண்டும்? கூட ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போகிறேன். அம்மாவையும் அழைத்துப் போகவா?

மைக்ரான்:

அம்மாவைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். பின்கதவில் நாலு முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். செடானில் சீட் தாழ்வு, எழும்போது முழங்கால்தான் தாங்கும். சிட்டியில் கூரை பின்னால் சரிவதால் தலையையும் குனிய வேண்டும். அவருக்கு ஒத்துவராவிட்டால் வேறு எந்தச் சோதனையும் வேண்டாம். ஐந்து பேர் போகும் வண்டி என்பதால் பின்சீட்டு நடுவில் பெல்ட் எந்த வகை, இழுத்தால் பூட்டுகிறதா என்பதும் முக்கியம்.

போகும் முன் விற்பவரிடம் ஒன்றே ஒன்று சொல்லிவிடுங்கள்: நாங்கள் வரும் வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். போனதும் பானட்டில் கை வையுங்கள், சூடாக இருந்தால் காரணம் கேளுங்கள். குளிர்ந்த இன்ஜினில்தான் குறை தெரியும். சைலன்சரில் நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. வெண்புகை நிற்காமல் வந்து கூலண்டும் குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைப்பகுதியின் சீல்) போயிருக்கும். ஆயில் மூடியின் உள்பக்கம் மோர் மாதிரி வெளுத்த பசை இருந்தால் அங்கேயே நன்றி சொல்லிக் கிளம்பிவிடலாம்.

பெயிண்ட் தடிமன் அளக்கும் மீட்டர் கையோடு இருக்கட்டும், மெக்கானிக்கிடம் இருக்கும். கம்பெனி பெயிண்ட் பொதுவாக 80 முதல் 150 மைக்ரான். 200-ஐத் தாண்டினால் மறுபெயிண்ட், 400, 500 என்று காட்டினால் அடியில் புட்டி. பம்பர் பிளாஸ்டிக், அதில் மீட்டர் வேலை செய்யாது. கதவில் கீறல் விழுந்து பெயிண்ட் அடித்தது குற்றமில்லை. கூரையிலும் கதவுத் தூண்களிலும் தடிமன் ஏறினால் வண்டி பெரிதாக அடிபட்டது. பானட், ஃபெண்டர், கதவுக் கீல் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம், கண்ணாடிகளில் அச்சிட்ட ஆண்டு எண், ரேடியேட்டர் தாங்கும் முன்சட்டத்தில் வெல்டிங் புள்ளிகள் ஒரே சீராக உள்ளனவா, இவை எல்லாம் அதற்குச் சாட்சி.

வெள்ளத்தில் நின்ற வண்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் முதலில் சென்னை, இரண்டு வாரத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலி. அந்த வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு மதுரைச் சந்தைக்கும்தான் வரும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், அடியில் மண் கோடு இருக்கும். பெல்ட்டைக் கழற்றித் துவைப்பவர் அரிது. சீட் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல், ஃபியூஸ் பெட்டிக்குள் பச்சை பூத்த செப்பு, முன்விளக்குக்குள் ஈரம். கார்பெட்டைத் தூக்கி அடியில் உள்ள பஞ்சை முகர்ந்து பாருங்கள். வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்துவைத்திருந்தால் இன்னும் ஆழமாக முகருங்கள். சியாஸில் லித்தியம் பேட்டரி தரையோடு இருக்கிறது, ஒரு அடித் தண்ணீரே அதற்குப் போதும்.

கி.மீ. திருத்தியதா என்பதற்கு மீட்டரைப் பார்த்துப் பயனில்லை. சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கம்பெனி சர்வீஸில் பதிவைக் கேளுங்கள், ஒவ்வொரு வருகைக்கும் கி.மீ. எழுதியிருக்கும். டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். 44,000 ஓடிய வண்டியில் முதல் செட் டயரே இருக்கலாம், ஆனால் ஆறு வயதுக்கு மேல் ஆன டயர் பள்ளம் நன்றாக இருந்தாலும் மாற்ற வேண்டியதே. நாலு டயருக்கு 25,000-க்கு மேல் ஒதுக்கி அதை விலையில் கழியுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது குறைந்தது அரை மணி நேரம். நாலாவது கியர், 40 கி.மீ. வேகம், ஆக்சிலேட்டரை முழுக்க மிதியுங்கள். ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தேய்ந்தது. 80-ல் ஸ்டீரிங் நடுங்கினால் பேலன்ஸ் அல்லது வளைந்த ரிம்; பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க். ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் கருவி) மாட்டும்போது பழைய பிழைக் குறியீடு எதுவுமே இல்லாமல், மானிட்டர்கள் ‘தயாராக இல்லை’ என்று காட்டினால் இன்று காலைதான் யாரோ அழித்திருக்கிறார்கள்.

ஐந்தாம் கியர்:

ஒரு மாற்றுக் கருத்து. ஐந்து பேர் அடிக்கடி நெடுஞ்சாலையில் போகிறார்கள் என்றால் பாதுகாப்பையும் கணக்கில் வையுங்கள். நாலாம் தலைமுறை சிட்டி 2022-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 4 நட்சத்திரம் வாங்கியது. ஃபோக்ஸ்வாகன் விர்டுஸும் ஸ்கோடா ஸ்லாவியாவும் 2023-ல் 5 வாங்கின. 2022 ஸ்லாவியா 1.0 மேனுவல் உங்கள் பட்ஜெட்டின் விளிம்பில் கிடைக்கலாம். பராமரிப்பு மாருதியைவிடக் கூடுதல், அதை மறைக்கவில்லை.

கணக்குப்பிள்ளை:

ஸ்லாவியா நல்ல வண்டிதான், ஆனால் 9 லட்சத்தையும் வண்டிக்கே கொடுத்துவிட்டால் டயருக்கும் இன்சூரன்ஸுக்கும் மறுபடி கடன். 50,000-மாவது கையில் நிற்க வேண்டும்.

வைகைக்கரை:

புரிந்தது. பேப்பர் வேலையை எல்லாம் தானே பார்த்துக்கொள்வதாக ஒரு டீலர் சொல்கிறார், மேலே 18% ஜிஎஸ்டி என்கிறார். இ20 (20% எத்தனால் கலந்த) பெட்ரோல் பயமும் இருக்கிறது.

படிவம் முப்பது:

18% வரி உண்டு. ஆனால் அது டீலரின் லாபத்துக்கு மேல்தான், வண்டியின் முழு விலைக்கு இல்லை. 7.6 லட்சத்துக்கு 18% என்று பில் போடுபவரிடம் வாங்காதீர்கள். தனிநபர் தனிநபருக்கு விற்றால் இந்த வரியே கிடையாது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு: அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு எத்தனையாவது ஓனர், கடன் பதிவு உண்டா, இ-சலான் பாக்கி உண்டா என்று பாருங்கள். கடன் முடிந்தும் ஆர்சியில் வங்கி பெயர் நின்றால், வங்கியின் என்ஓசியும் படிவம் 35-ம் விற்பவர் தரவேண்டும். அதில்லாமல் பெயர் மாறாது. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு ‘பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்ற பேச்சே வேண்டாம். விற்பவருக்கும் அதில் ஆபத்து: ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விலையில் 50,000-ஐப் பெயர் மாறிய பின் தருவதாக எழுதிக்கொள்ளுங்கள், டீலருக்கு வேகம் வரும்.

இன்சூரன்ஸில் பலர் தடுக்கி விழுகிறார்கள். மூன்றாம் நபர் காப்பு வண்டியோடு வரும், சொந்தச் சேதக் காப்பு தானாக வராது. பெயர் மாற்றிய 14 நாளுக்குள் கம்பெனிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பழைய ஓனரின் நோ கிளைம் போனஸ் (கிளைம் கேட்காததற்குப் பிரீமியத்தில் தரும் கழிவு) அவரோடு போய்விடும். அவருக்கு 50% இருந்திருந்தால் அந்தக் கழிவுத் தொகையை மீதி மாதங்களுக்கு நீங்கள் கட்ட வேண்டும். பாலிசி முடிய ஒன்றிரண்டு மாதம்தான் பாக்கி என்றால் புதிதாகவே எடுத்துவிடலாம். பழைய ஃபாஸ்டேக்கை விற்பவர் மூடிய பிறகு உங்கள் பெயரில் புதிது ஒட்டுங்கள். சாவி இரண்டும் வாங்குங்கள்.

இ20 பற்றி: 2019 வண்டியில் மைலேஜ் கொஞ்சம் குறையும். எத்தனால் ரப்பர் குழாய்களையும் சீல்களையும் சோதிக்கும், அதனால் ஃபியூவல் லைனில் கசிவு, பெட்ரோல் வாடை உண்டா என்று ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். எடுக்காமல் மாதக்கணக்கில் நிறுத்தும் வண்டிக்குத்தான் அது தொல்லை. வாரம் 200 கி.மீ. ஓடும் உங்கள் வண்டியில் டேங்க் காலியாகிக்கொண்டே இருக்கும். வாங்கிய வாரமே இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், பிரேக் ஆயில், கூலண்ட் ஆறையும் மாற்றிவிட்டு அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பில் என்ன சொன்னாலும் சரி.