ஃபாஸ்ட் வண்டி எல்லா ஸ்டேஷனிலும் நிற்க வேண்டுமா?

பிளாட்பாரம் 2:
காலை எட்டு மணிக்கு, எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் ஸ்லோ வண்டி ஒன்று. அதை விட்டால் அடுத்த ஸ்லோ வர இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிறது. நடுவில் இரண்டு ஃபாஸ்ட் வண்டிகள் நிற்காமல் போகின்றன. மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கிற எங்கள் முகத்தில் காற்றும் தூசியும்தான் அடிக்கிறது. சின்ன ஸ்டேஷன்காரர்களுக்கும் ஆபீஸ் இருக்கிறது. நெரிசல் நேரத்திலாவது எல்லா வண்டியும் நிற்க வேண்டும்.

கடைசி நிறுத்தம்:
உங்கள் கஷ்டம் புரிகிறது, ஆனால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மணிக்கு 100 கி.மீ.யில் வரும் வண்டி வேகம் குறைத்து, 30 விநாடி நின்று, திரும்ப அதே வேகத்தை எட்டுவதற்குள் சுமார் 70 விநாடி போய்விடும். பத்து ஸ்டேஷனுக்குக் கிட்டத்தட்ட 12 நிமிடம். போகவர 24. தினமும் கடைசி ஸ்டேஷனிலிருந்து வருகிறவர்கள் அதை எங்கே போய்த் தேடுவது?

இரட்டைத் தடம்:
அந்த 12 நிமிடத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று பாருங்கள். போக ஒன்று, வர ஒன்று என இரண்டே தடம் இருக்கும் பாதையில் ஃபாஸ்ட் வண்டியால் முன்னால் போகும் ஸ்லோவைத் தாண்ட முடியாது. வண்டிக்கு வண்டி 3 நிமிட இடைவெளி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த 12-உம் இந்த 3-உம் சேர்த்து, ஸ்லோ புறப்பட்டு 15 நிமிடம் கழித்துத்தான் ஃபாஸ்ட்டை விடலாம். இல்லாவிட்டால் வழியிலேயே முட்டிக்கொண்டு சிக்னலில் நிற்கும். இரண்டாவது ஃபாஸ்ட் 18-இல், அடுத்த ஸ்லோ 21-இல். ஆக 21 நிமிடத்தில் மூன்றே வண்டி. எல்லாம் ஒரே மாதிரி நின்று போனால் அதே நேரத்தில் ஏழு வண்டி விடலாம்.

பிளாட்பாரம் 2:
ஏழுகூட வேண்டாம். இருக்கிற மூன்றையும் நிறுத்தினாலே 7 நிமிடத்துக்கு ஒன்று கிடைக்குமே!

கடைசி நிறுத்தம்:
சாயங்காலத்தையும் யோசியுங்கள். நகரத்தில் வண்டி புறப்படும்போதே நான்கைந்து ஸ்டேஷன் போகிறவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். நாற்பது கி.மீ. போகிறவர் ஏறவே முடியாது. ஃபாஸ்ட் இருந்தால் இந்தக் கூட்டம் இரண்டாகப் பிரியும். மும்பையில் சர்ச்கேட்–விரார் பாதையில் இரண்டும் ஓடத்தானே செய்கின்றன?

இரட்டைத் தடம்:
அங்கே ஃபாஸ்ட்டுக்குத் தனித் தடம், ஸ்லோவுக்குத் தனித் தடம். டோக்கியோவில் ஒச்சானோமிசு–மிதாகா இடையிலும் அப்படித்தான். நான்கு தடம் இருந்தால் நானே ஃபாஸ்ட் கேட்பேன். ஸ்லோ ஒதுங்கி நிற்க ஸ்டேஷனில் ஒரு பக்கத் தடம், அதாவது லூப் லைன், போட்டுத் தாண்டவிடலாம் என்பார்கள். அப்போது ஃபாஸ்ட் கடந்து, சிக்னல் விழும்வரை ஸ்லோவில் இருப்பவர்கள் ஐந்தாறு நிமிடம் புழுங்க வேண்டும்.

கடைசி நிறுத்தம்:
சரி, இரண்டு தடத்தில் உங்கள் கணக்கு சரிதான். ஆனால் வண்டி அதிகமானால்தான் அது பொருந்தும். ஏழு வண்டிக்குப் பெட்டியும் ஓட்டுநரும் கிடைக்காமல், மூன்றையே எல்லா ஸ்டேஷனிலும் நிறுத்தினால் எங்கள் 12 நிமிடமும் போகும், உட்கார இடமும் போகும்.

பிளாட்பாரம் 2:
அப்படியென்றால் ஒரு ஃபாஸ்ட்டை மட்டும் எங்களுக்காக நிறுத்துங்கள். இன்று ஸ்லோ வந்தபோது ஒரு அம்மா, கைக்குழந்தையோடு, மூன்று வாசலிலும் முயன்று பார்த்துவிட்டு பெஞ்சுக்கே திரும்பிவிட்டார். அவருக்கு அடுத்த வண்டி 21 நிமிடம் கழித்து.

கடைசி நிறுத்தம்:
ஒன்று என்றால் சம்மதம். காலையில் மட்டும். சாயங்காலம் இரண்டும் நிற்காமல்தான் போக வேண்டும்.