புதுப்பிப்பு: இடுப்பு மூட்டு மாற்றிய பின் நடை, வாக்கரிலிருந்து கைத்தடிக்கு

வாக்கரோடு வீட்டுக்குள் 5 நிமிடம், நாளைக்கு 4 தடவை என்று முன்பு எழுதியிருந்தேன். அடுத்த கட்டம் இது. டாக்டர் சரி சொன்ன பிறகுதான்.

ஒரு நடைக்கு 1 அல்லது 2 நிமிடம் கூட்டினால் போதும். மூன்று நாள் அதிலேயே இருந்துவிட்டு ஏற்றுங்கள். சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்குவது சகஜம். தூங்கி எழுந்தும் வலி குறையவில்லையா, முந்தின நாள் நடை அதிகம். பழைய அளவுக்கு இறங்குங்கள்.

கைத்தடியில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். ஆபரேஷன் ஆன காலுக்கு எதிர்க்கையில் பிடியுங்கள். அப்போதுதான் இடுப்பின் பக்கத் தசைக்குப் பாரம் குறையும். அதே பக்கம் பிடித்தால் உடம்பு சாய்ந்து நொண்டல் பழகிவிடும். செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு ரேகைக்கு நேராக வர வேண்டும். அடி ரப்பரைத் திருப்பிப் பாருங்கள்: வரிகள் தேய்ந்து வழவழவென்று இருந்தால் ஈர டைல்ஸில் வழுக்கும், அன்றே மாற்றுங்கள்.

திரும்பும்போது ஆபரேஷன் காலை ஊன்றிச் சுழல வேண்டாம். சின்னச் சின்ன அடியாகத் திரும்புங்கள். படி ஏற நல்ல கால் முதலில். இறங்கத் தடியும் ஆபரேஷன் காலும் முதலில்.

கெண்டைக்கால் வீங்கித் தொட்டால் வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.