லண்டனில் சிம் வாங்குமுன் கையில் இருக்கும் போனைப் பாருங்கள்

பிரிட்டனில் கடைக்குக் கடை இருபது பெயரில் சிம் தொங்கும். ஆனால் நெட்வொர்க் நான்குதான்: ஈஈ, ஓ2, வோடஃபோன், த்ரீ. (கடைசி இரண்டும் 2025 மே 31 அன்று ஒரே நிறுவனமாகிவிட்டன.) மற்றவர்கள் இவர்களிடம் வாடகைக்கு எடுத்து விற்கிறார்கள். கிஃப்காஃபும் டெஸ்கோவும் ஓ2-வில் ஓடுகின்றன, லெபாராவும் வோக்ஸியும் வோடஃபோனில், ஸ்மார்ட்டி த்ரீயில். வீட்டில் ஓ2 எடுக்கவில்லை என்று டெஸ்கோவுக்கு மாறினால் அதே டவர்தான், காசுதான் வீண்.

ஊரிலிருந்து கொண்டுவந்த போன்தான் பலருக்குச் சிக்கல். இந்தியாவில் விற்கும் பல மாடல்களில் 4ஜி பேண்ட் 20 (800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை) கிடையாது. இங்கே சுவர் தாண்டி வீட்டுக்குள் வருவதும், ஊருக்கு வெளியே தூரம் எட்டுவதும் பெரும்பாலும் அந்த அலைதான். வாசலில் டவர் முழுசாக இருக்கிறது, சமையலறைக்குள் போனால் காணோம் என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். 'அபவுட் போன்' பக்கத்தில் உள்ள மாடல் எண்ணை முழுதாகக் குறித்துக்கொண்டு, அதற்குரிய பேண்ட் பட்டியலைத் தேடுங்கள். ஒரே பெயர் கொண்ட போன் நாட்டுக்கு நாடு வேறுபடும்.

அடுத்தது வோல்டி, அதாவது 4ஜி வழியாகவே கால் பேசும் வசதி. ஈஈயும் வோடஃபோனும் 2024 தொடக்கத்திலேயே 3ஜியை மூடிவிட்டன. வோல்டி ஒத்துப்போகாத போனில் கால் 2ஜிக்கு இறங்கும். த்ரீயிடம் 2ஜியே இல்லை. அதனால் அங்கே அப்படிப்பட்ட போனில் நெட் ஓடும், கால் போகாது. சிம் போட்டதும் ஒரு கால் செய்து பாருங்கள்: பேசும்போது மேலே 4ஜி அல்லது 5ஜி நின்றால் சரி.

தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஆஃப்காமின் தளத்தில் போஸ்ட்கோடு போட்டால் நான்கின் கவரேஜும் தெரியும். அது கணிப்புதான், உங்கள் வீட்டுச் சுவரை அதற்குத் தெரியாது. அதனால் இரண்டு நெட்வொர்க்கில் 30 நாள் சிம் வாங்கிச் சோதியுங்கள். புதிதாக வந்தவருக்குக் கிரெடிட் ஹிஸ்டரி (கடன் கட்டிய வரலாறு) இருக்காது, 24 மாத ஒப்பந்தம் கிடைப்பதும் கஷ்டம். ஆண்ட்ராய்டில் 'சிம் ஸ்டேட்டஸ்' போய் சிக்னல் அளவைப் பாருங்கள். அது டிபிஎம் என்ற அலகில் மைனஸ் எண்ணாக வரும், பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க நல்லது. படுக்கையறையில் −95 டிபிஎம் வந்தால் தாராளம். −115-க்குக் கீழே போனால் கால் அறுபடும், வைஃபை காலிங் (வீட்டு வைஃபை வழியே கால் பேசுவது) இல்லாமல் முடியாது. அளவு நன்றாக இருந்தும் மாலை ஆறு மணிக்கு மேல் வீடியோ சுற்றிக்கொண்டே நின்றால் அது நெரிசல். போனை மாற்றித் தீராது, நெட்வொர்க்கைத்தான் மாற்ற வேண்டும்.

பழைய எண்ணோடு வேறு நிறுவனத்துக்கு மாற, பழைய சிம்மிலிருந்து 'PAC' என்று ஆங்கிலத்தில் 65075-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். வரும் குறியீடு 30 நாள் செல்லும். அதைப் புதிய நிறுவனத்திடம் கொடுத்தால் பெரும்பாலும் அடுத்த வேலைநாளில் எண் மாறிவிடும். அதுவரை பழைய சிம்மை நீங்களாக ரத்து செய்யாதீர்கள். எண்ணும் சேர்ந்து போய்விடும்.