சதுப்புல கால் விட்ட கதை, உங்களுக்கும் இருந்தா சொல்லுங்க

ஊட்டி ஜீப்காரன்:
சில வருஷம் முன்னாடி ஒரு ஆராய்ச்சி டீம நம்ம வண்டில ஊட்டி பக்கத்துல சாண்டிநல்லா கிட்ட ஒரு சதுப்புக்கு கூட்டிட்டு போனேன். ஃபாரஸ்ட் பர்மிஷன் எல்லாம் வாங்கித்தான் வந்திருந்தாங்க. மண்ணு எடுக்கணும்னு சொன்னதும் மம்பட்டியால வெட்டுவாங்கன்னு நெனச்சேன், பாத்தா ஒரு நீள இரும்பு ராடு, நுனில அரை வட்டமா ஒரு குழாய், அத ரெண்டு பேர் தொங்கி அமுக்கி ஒரு திருகு திருகி மேல இழுத்தா அரை மீட்டருக்கு கருப்பு அல்வா மாதிரி வழுவழுன்னு வருது. அழுகின முட்ட நாத்தம். நடுநடுல புல்லு வேரு நாரு நாரா அப்படியே இருக்கு, மக்கவே இல்ல, தண்ணிக்குள்ள காத்து போகாததால மக்காதாம்.

சும்மா நிக்கிறானேன்னு என்ன லேபிள் ஒட்ட சொன்னாங்க. ஒரு துண்டுல மேல் பக்கம் கீழ் பக்கம் மாத்தி எழுதிட்டேன்! அந்த சார் பாத்துட்டு "அண்ணே, ஆயிரம் வருஷத்த தலகீழா நிக்க வச்சிட்டீங்களே"ன்னாரு. நல்லவேளை ஒரு நுனில சாம்பல் கலர் களிமண் ஒட்டிருந்துச்சு, அதான் அடி. அத சரி பண்ண அவசரமா ஓடினப்ப தொட வரைக்கும் உள்ள போயிட்டேன், ஆள தூக்கிட்டாங்க, ஒரு பூட்ஸ் வரல.

திரும்பி வரப்போ அவர் சொன்னதுதான் இன்னைக்கும் மண்டைல ஓடுது. செடிங்கள்ல முக்கியமா சி3, சி4ன்னு ரெண்டு வகையாம். நெல்லு, தேயிலை, பெரும்பாலும் மரங்க எல்லாம் சி3. கரும்பு, மக்காச்சோளம், வறட்சி தாங்குற நெறய புல்லு சி4. ரெண்டும் காத்துல இருக்கற கார்பன எடுக்குற விதம் வேற, அதனால மண்ணுல கார்பன் 13ங்கிற கொஞ்சம் கனமான கார்பன் எவ்ளோன்னு பாத்தா அந்த காலத்துல எது வளந்துச்சுன்னு தெரியுமாம், வயசுக்கு கார்பன் 14. நம்ம நீலகிரி சதுப்புல இத வச்சுதான் சூழலியல் ஆராய்ச்சியாளர் ராமன் சுகுமார் டீம் 1993ல நேச்சர்ங்கிற அறிவியல் பத்திரிகைல எழுதுனாங்க. சுமார் 20,000 வருஷம் முன்னாடி, பனி யுக உச்சத்துல இங்க நல்ல வறட்சி, புல்லுதான். 11,000 வாக்குல மழ வெளுத்து வாங்கிருக்கு. அப்புறம் 6,000லருந்து 3,500 வரைக்கும் மறுபடி வறட்சி.

இதுல எனக்கு கடுப்பு என்னன்னா, சோலைக்காட்ட வெட்டுனதாலதான் இங்க புல்வெளி வந்துச்சுன்னு சின்ன வயசுலருந்து கேட்டு, நானும் டூரிஸ்ட்டுங்ககிட்ட அதத்தான் சொல்லிட்டு இருந்தேன். புல்லு அவ்ளோ பழசு! தரிசு கெடக்குன்னு அது மேல வாட்டில் மரமும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டு தள்ளிருக்காங்க.

மன்னவனூர் மச்சான்:
அண்ணே எங்க கொடை பக்கம் ஒரு பெரிய மழைக்கு அப்புறம் ஓடைக்கரை சரிஞ்சு விழுந்துச்சு, செம்மண்ணுக்கு கீழ கருப்பா ஒரு கோடு, அதுல கரித்துண்டு. எங்க தாத்தா பழைய காட்டுத்தீன்னாரு, நான் யாரோ அடுப்பு போட்ட எடம்னு சொல்லி சண்ட போட்டேன்.

கோத்தகிரி டீச்சர்:
தம்பி, ரெண்டும் இருக்கலாம். கரி ஒரே எடத்துல குமிஞ்சிருந்தா அடுப்பு, கோடு மாதிரி நீளமா பரவி இருந்தா தீ. மண்ணுல மாட்டிருக்கற மகரந்தமும் பாப்பாங்க, யூகலிப்டஸ் மகரந்தம் தெரிஞ்சா அந்த படிவு 1840களுக்கு அப்புறம்தான், வெள்ளைக்காரன் கொண்டு வர்றதுக்கு முன்னாடி இந்த மலைல அது கெடையாதே. ஆனா தேயிலை தோட்டம் பக்கம் உள்ள பள்ளத்துல மேல் ரெண்டு அடிய நான் நம்ப மாட்டேன், கெழங்கு போட கெளறி வச்சிருப்பாங்க.

ஊட்டி ஜீப்காரன்:
டீச்சர் சொல்றது கரெக்ட். மச்சான், ஓடைக்கரைல இன்னொரு வம்பு இருக்கு, வெள்ளம் வந்தா பழச அரிச்சு புதுசுக்கு மேல கொட்டிட்டு போயிடும், அந்த சார் அதனாலதான் ஓடைய விட்டு தள்ளி தண்ணி நிக்கிற நடு சதுப்புல எறங்குனாரு. உங்க கருப்பு கோட்டுக்கு கீழ கூழாங்கல்லா களிமண்ணா? கல்லுன்னா அங்க ஆறு வேகமா ஓடின காலம். ஃபோட்டோ இருந்தா போடுங்க, பக்கத்துல ஒரு ஸ்கேலோ செருப்போ வச்சு எடுங்க, இல்லன்னா அளவு புரியாது.